டிக் டிக் மாப்பிள்ளை

“இன்னும் கொஞ்ச நாள் தள்ளிப் போடுங்களேன் அண்ணே!”

மீன்கடைக்காரி கெஞ்சினாள். தோளுக்கும் காதுக்கும் நடுவே செல்போன். வலது கையில் வலை, இடது கையில் தண்ணீர் பிடித்த பிளாஸ்டிக் பை. எதிரே நின்ற வாடிக்கையாளர் விரல் நீட்டிக் காட்டிய ஒரு மீனைத் தவிரத் தொட்டியில் இருந்த மற்ற எல்லா மீனும் வலைக்குள் வந்து போய்க்கொண்டிருந்தன.

“லாரி சொல்லியாச்சு தங்கச்சி. கடை நாற்காலி, கண்ணாடி எல்லாம் கழட்டியாச்சு. நாளைக்குக் காலைல உன் வீட்டுக்கு வர்றேன். பலகையை ரெடியா வை” என்றார் மறுமுனையில் சலூன்காரர்.

“இப்பதாண்ணே அவ உடம்புல ஒரு மாற்றம் தெரியுது...”

“போன மாசமும் இதையேதான் சொன்னே.”

போன் வைக்கப்பட்டது. வாடிக்கையாளர் வேறு மீனைக் காட்ட ஆரம்பித்தார். மீன்கடைக்காரிக்கு எந்த மீனும் கண்ணில் தெரியவில்லை.

பலகை என்பது மரச்சாமான் அல்ல. உள்ளங்கையைவிடப் பெரிய ஒரு நீர்த்தேரை. பிறப்பு முதல் இறப்பு வரை தண்ணீரை விட்டு வெளியே வராத இனம். லாரிச் சக்கரம் ஏறி இறங்கியது போன்ற தட்டை உடம்பு, முக்கோணத் தலை, ஊசி முனையால் குத்தி வைத்தது போல் இரண்டு கண்கள். நாக்கு கிடையாது. தொட்டியின் அடியில் கிடந்தால் ஊறிப்போன அட்டைப்பெட்டித் துண்டு என்று எடுத்துக் குப்பையில் போட்டுவிடுவார்கள். மீன்கடைக்காரியின் நாத்தனார் ஒரு முறை அதற்கு முயன்றும் இருக்கிறாள்.

இவ்வளவு லட்சணமான பிராணிக்கு ஒரு வித்தை தெரியும். பெண் தேரை முட்டைகளைத் தன் முதுகிலேயே வாங்கிக்கொள்ளும். முதுகுத் தோல் பஞ்சு போல உப்பி, ஒவ்வொரு முட்டையையும் தனித்தனிக் குழிக்குள் இழுத்து மூடிக்கொள்ளும். சில மாதம் கழித்து அந்த முதுகைத் திறந்துகொண்டு, கை கால் முளைத்த முழுத் தேரைகளாகவே குஞ்சுகள் வெளியே வரும்.

ஒரு படத்தில் அதைப் பார்த்த நாளிலிருந்து மீன்கடைக்காரிக்குப் பித்துப் பிடித்துவிட்டது. அதை நேரில், தன் கண்ணால் பார்க்க வேண்டும். வேறு ஆசை எதுவும் அவளுக்கு இப்போது இல்லை.

அவளிடம் இருந்தது ஓர் ஆண் தேரை மட்டும். சில்லு என்று பெயர். பெண் தேரையான பலகை, சலூன்காரருடைய கடையில், முகம் பார்க்கும் கண்ணாடிக்குக் கீழே ஒரு தொட்டியில் பல வருடமாக இருந்தது. தேரை வளர்ப்பவர்களுக்குள் ஒரு நடைமுறை உண்டு. பெண்ணை ஆண் இருக்கும் வீட்டுக்கு அனுப்பிவைப்பார்கள். குஞ்சு பொரித்தால் ஆளுக்குப் பாதி. அப்படித்தான் பலகை இங்கே வந்து சேர்ந்தது. இப்போது சலூன்காரரின் மகள் வேறு ஊரில் புதுக்கடை போட்டுவிட்டாள். அவர் குடும்பத்தோடு அங்கே போகிறார். போகும்போது பெண்ணையும் கையோடு கூட்டிப் போகிறார். நியாயம்தான். ஆனால் நாளைக்கே என்றால்?

மதியம் கடையைச் சாத்திவிட்டு மாடிப்படி ஏறினாள். வீடு முதல் மாடியில். கதவைத் திறந்தால் முதலில் தெரிவது ஹால் அல்ல, தொட்டி.

இந்தத் தேரைகள் ஜோடி சேர்வது தண்ணீருக்குள் குட்டிக்கரணம் போட்டு. அதற்கு ஆழம் வேண்டும். கடைகளில் விற்கும் தொட்டி எதுவும் போதாது. லிஃப்ட் மெக்கானிக்கான அவள் கணவன், ஒரு பெரிய கட்டடத்தில் கழற்றிப் போட்ட கண்ணாடி லிஃப்ட்டின் சுவர்களை வாங்கி வந்து, இரும்புச் சட்டம் அடித்து, ஆள் உயரத்துக்கு ஒரு தொட்டி கட்டிக் கொடுத்திருந்தான். அதற்கு இடம் விடுவதற்காக சோபா நாத்தனாரின் அறைக்குப் போய்விட்டது. நாத்தனார் இப்போது கட்டிலிலிருந்து இறங்க வேண்டுமானால் சோபாவில் ஏறித்தான் இறங்க வேண்டும்.

“எங்கண்ணன் ஒரு லிஃப்ட்டையே வீட்டுக்குள்ள நிறுத்திட்டான். பட்டன் மட்டும்தான் பாக்கி” என்று வருவோர் போவோரிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

தொட்டி மட்டுமா? உப்பில்லாத தண்ணீர் பிடித்து ஊற்றினாள். காய்ந்த இலைகளை ஊறவைத்து அதைப் பழுப்பாக்கினாள். மழை வந்தது போலிருக்கட்டும் என்று மேலேயிருந்து குளிர்ந்த நீரைத் தூவினாள். கொழுத்த மண்புழுக்களாகப் பொறுக்கி ஊட்டினாள். அவ்வளவுக்கும் பிறகு இரண்டும் ஆளுக்கொரு மூலையில் கிடந்தன, சொத்துத் தகராறில் பேச்சுவார்த்தை நின்றுபோன அண்ணன் தங்கை மாதிரி.

அன்று அவள் உள்ளே நுழைந்தபோது தரையில் பழைய பேப்பர் விரித்து, ஃபில்டர் மோட்டாரை அக்கக்காகப் பிரித்துப் போட்டிருந்தான் மெக்கானிக்.

“மறுபடியுமா?”

“மறுபடியும் அதே டிக் டிக். எனக்குக் கேட்குது, உனக்குக் கேட்காது. நாள் பூரா கடைல முப்பது மோட்டார் சத்தத்துல உக்காந்திருக்கவ நீ.”

தன் காதைப் பற்றி அவனுக்குப் பெருமை அதிகம். எந்தக் கட்டடத்துக்குப் போனாலும் முதலில் சுவரில் காதை வைப்பான். எத்தனையாவது மாடியில் எந்த உருளை தேய்ந்திருக்கிறது என்று அதிலேயே சொல்லிவிடுவான். அப்படிப்பட்டவன் வீட்டு மோட்டாரே டிக் டிக் என்று ஏளனம் செய்தால் பொறுப்பானா? ஒரு வாரமாக அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான்.

“வேடிக்கை என்னன்னா, நான் டூல் பெட்டியைத் தூக்கிட்டுக் கிட்ட வந்தாலே நின்னுடுது. கையே வைக்கல, சரியாயிடுது. அப்புறம் நான் அந்தப் பக்கம் போனதும் ஆரம்பிக்குது.”

“உன்னைப் பார்த்தா மோட்டாருக்கே பயம்ணே” என்றாள் நாத்தனார், சோபாவைத் தாண்டி வந்தபடி. “புது மோட்டார் வாங்கி மாட்டினப்புறமும் அதே சத்தம். பேய் கீய் இருக்கப்போகுது.”

“பேயும் இல்ல, பிசாசும் இல்ல. மோட்டார் மேல தப்பில்லன்னா வயர்ல தப்பு. இன்னிக்கு ரெண்டுல ஒண்ணு பார்த்துடறேன்.”

பிரித்ததைப் பூட்டினான். ஓடவிட்டான். அறைக்கு வெளியே போய்க் காத்திருந்தான். சத்தம் தொடங்கியதும் மீட்டர் பெட்டியருகே நின்றபடியே, மெயின் சுவிட்சைப் பட்டென்று இறக்கினான்.

மின்விசிறி தயங்கித் தயங்கி நின்றது. ஃபிரிட்ஜ் ஒரு முறை குலுங்கி அடங்கியது. மோட்டார் மூச்சை விட்டது. எப்போதும் ஏதாவது ஒன்று இரைந்துகொண்டே இருக்கும் அந்த வீட்டில், தெருவில் போகும் சைக்கிள் மணிகூடக் கேட்கும் அளவுக்கு நிசப்தம்.

“இப்ப நின்னுடுச்சு பாரு. நான் சொன்னேன்ல, வயர்லதான்...”

டிக்.

மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

டிக், டிக். டிக், டிக், டிக்.

“கரண்டு இல்லையே?” என்றான் மெக்கானிக், குரல் இறங்கிப்போய். “கரண்டே இல்லாம எப்படிடி ஓடும்?”

மீன்கடைக்காரி பூனை நடை நடந்து கண்ணாடியருகே போய் மண்டியிட்டாள். தொட்டியின் அடியில் சில்லு நான்கு கால்களையும் அகட்டி நின்றிருந்தது. ஒவ்வொரு டிக்குக்கும் அதன் தொண்டையருகே ஒரு சின்ன உதறல். எதிர் மூலையில் கிடந்த பலகை, முதல் முறையாகத் திரும்பி உட்கார்ந்திருந்தது, சில்லுவின் பக்கமாக.

மீன்கடைக்காரி வாயைக் கையால் பொத்திக்கொண்டு திரும்பினாள்.

“ஏங்க... அது மோட்டார் இல்லைங்க. மாப்பிள்ளை! மாப்பிள்ளை பொண்ணைக் கூப்பிடுறான்!”

“அப்ப... நான் கிட்ட வந்தா நின்னது?”

“நீங்க நடக்கிற நடைக்கு பூமியே ஆடுது. பாவம், அவன் பேச்சை ஆரம்பிக்கிறப்பல்லாம் டூல் பெட்டியைத் தூக்கிட்டுப் போய் நின்னிருக்கீங்க!”

மெக்கானிக் அப்படியே சுவரோரம் சரிந்து உட்கார்ந்தான். ஊரில் உள்ள லிஃப்ட்டெல்லாம் அவன் காதுக்குக் கட்டுப்பட்டவை. தன் வீட்டு மாப்பிள்ளையை மட்டும் ஒரு வாரமாகப் பேசவிடாமல் அடித்திருக்கிறான்!

“எங்கண்ணன் பெரிய வில்லன்தான்” என்று நாத்தனார் சிரிக்க ஆரம்பித்தாள். அண்ணி முறைத்ததும் சிரிப்பைத் துப்பட்டாவுக்குள் திணித்துக்கொண்டாள்.

“மெயினைப் போடட்டுமா?” என்றான் மெக்கானிக்.

“வேணாம்! அந்தச் சத்தத்துல அவன் வாயை மூடிக்கிட்டா?”

சட்டம் போட்டாள் மீன்கடைக்காரி. யாரும் செருப்புப் போடக் கூடாது. பேசினால் காதோடு காதாக. சமையலறையில் பாத்திரம் உருளக் கூடாது. “ஒரு தேரைக்காக நாங்க வேர்த்து ஊத்தணுமாக்கும்” என்று முனகிய நாத்தனார், முனகிக்கொண்டே தன் கை வளையல்களை ஒவ்வொன்றாகக் கழற்றித் தலையணைக்கு அடியில் வைத்தாள்.

பொழுது சாயும்போது சில்லு பலகையின் இடுப்பைப் பின்னாலிருந்து இறுகக் கட்டிக்கொண்டிருந்தது.

மறுநாள் காலையில் கீழே லாரி ஹாரன் அலறியது.

“அடக் கடவுளே!” மீன்கடைக்காரி பாய்ந்தாள். “போய் அந்த டிரைவரோட வாயை மூடு!” என்று நாத்தனாரைப் படியில் தள்ளிவிட்டாள். அவள் இறங்க, சலூன்காரர் ஒரு கையில் மூடி போட்ட வாளியோடு ஏறி வந்தார்.

“தங்கச்சி, நேரமில்ல. எங்க பொண்ணு?”

வாசலில் இரண்டு கையையும் விரித்து நின்றாள். “மெதுவா பேசுங்கண்ணே.”

“ஏன்?”

“மெதுவா.”

“இப்படி வழி மறிச்சா என்ன அர்த்தம்? நம்பித்தானே அனுப்பி வச்சேன்?” கத்த வேண்டியதை அவரும் கிசுகிசுத்தார், ஏனென்று தெரியாமலே. “பேச்சு பேச்சா இருக்கணும்.”

“உங்க பொண்ணு, உங்க இஷ்டம். நான் இல்லைங்கல. ஒரு தடவை வந்து பாருங்க. பார்த்துட்டு வாளியை இறக்கணும்னா இறக்குங்க.”

செருப்பைக் கழற்றச் சொன்னாள். கழற்றினார். வாளியைக் கீழே வைக்கச் சொன்னாள். அது முடியாது என்று இடுப்பில் இடுக்கிக்கொண்டே உள்ளே வந்தார்.

மெக்கானிக் ஏற்கெனவே கண்ணாடிக்கு முன்னால் சம்மணமிட்டிருந்தான். நகர்ந்து இடம் கொடுத்தான். “உக்காருங்க மச்சான். முதல் வரிசை.”

பழுப்பு நீருக்குள் பலகையும் சில்லுவும் அசையாமல் கிடந்தன. கல்லோடு கல் ஒட்டியது போல.

“இதுக்கா இவ்வளவு...” என்று சலூன்காரர் ஆரம்பித்தார்.

பலகை தரையை உதைத்தது.

இரண்டும் ஒன்றாக மேலே எழும்பின. சுழன்று, மெதுவாக, ஏதோ கயிறு கட்டி இழுப்பதுபோல மேல் மட்டத்துக்கு வந்தன. அங்கே அப்படியே மல்லாந்தன. வெள்ளை வயிறு இரண்டும் மேலே தெரிந்தன. ஒரு கணம் அந்தரத்தில் மிதந்தன. பலகையிடமிருந்து முத்து முத்தாகச் சில முட்டைகள் நழுவி, கீழே ஏந்தலாகக் கிடந்த சில்லுவின் வயிற்றில் விழுந்தன. இரண்டும் கரணத்தை முடித்துக் கவிழ்ந்தபோது அந்த முத்துக்கள் உருண்டு, பலகையின் முதுகில் போய் உட்கார்ந்தன. சில்லு தன் வயிற்றால் அவற்றை அழுத்தி ஒட்டியது. பிறகு இரண்டும் இலை போல அசைந்தாடி அடியில் வந்து அமர்ந்தன.

யாரும் மூச்சு விடவில்லை.

“ஒட்டிக்கிச்சு” என்றாள் மீன்கடைக்காரி. கண்ணில் நீர் கட்டிக்கொண்டது. “அண்ணே, ஒட்டிக்கிச்சுண்ணே!”

சலூன்காரரின் இடுப்பிலிருந்து வாளி எப்போது தரைக்கு வந்தது என்று அவருக்கே தெரியாது.

மறுபடி எழும்பின. மறுபடி கரணம். இந்த முறை இரண்டு முட்டைகள் குறி தவறி அடியில் விழுந்தன.

“ச்சே! இன்னும் கொஞ்சம் நேரா வரணும்” என்று துடித்தான் மெக்கானிக். “மாடியில லிஃப்ட் நிக்கிற மாதிரி லெவலா நிக்கணும்டா சில்லு. லெவல், லெவல்...”

“அழுத்துடா! நல்லா அழுத்து!” சலூன்காரர் தன் உள்ளங்கையால் தன் தொடையையே அழுத்திக்கொண்டிருந்தார்.

அவர் சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. லாரியில் காத்திருந்த மனைவி. வாயைக் கையால் மறைத்துக்கொண்டு பேசினார்.

“இங்க பொண்ணுக்குக் கல்யாணம் நடந்துக்கிட்டிருக்கு. வை போனை!”

“எந்தப் பொண்ணுக்கு? பொண்ணு என் பக்கத்துலதானே உக்காந்திருக்கா!” என்று மனைவி அலறியது மூன்று பேருக்கும் கேட்டது.

சற்று நேரத்தில் அந்த அம்மாளும் மகளும் வெறுங்காலோடு மாடியேறி வந்துவிட்டார்கள். அவர்களுக்குப் பின்னால் லாரி டிரைவர். அவருக்குப் பின்னால் நாத்தனார், “சத்தம் போடாதீங்க, சத்தம் போடாதீங்க” என்று எல்லோரைவிடவும் அதிகச் சத்தம் போட்டுக்கொண்டு. ஒவ்வொரு கரணத்துக்கும் அத்தனை தலைகளும் ஒன்றாக மேலே போய் ஒன்றாகக் கீழே வந்தன.

மதியத்துக்குள் பலகையின் முதுகு தெரியவில்லை. மஞ்சள் மணிகளை நெருக்கமாகக் கோத்துப் பரப்பியது போலிருந்தது. சில்லு பிடியை விட்டுவிட்டு, களைத்துப்போய், ஒரு மூலையில் போய்ப் படுத்தது.

அப்போதுதான் எல்லோருக்கும் வாளி ஞாபகம் வந்தது.

சலூன்காரர் வாளியைப் பார்த்தார். மீன்கடைக்காரி சலூன்காரரைப் பார்த்தாள்.

“இப்ப ஆட்டினா முட்டையெல்லாம் உதிர்ந்துடும்ணே. தோல் உப்பி மூடற வரைக்கும் விட்டு வைங்க.”

“மூடினப்புறம்?”

குஞ்சு வெளியே வருவது பல வாரம் கழித்து. அப்போது பலகை வேறு ஊரில் இருக்கும். எதைப் பார்ப்பதற்காக வீட்டுக்குள் லிஃப்ட்டை நிறுத்தினாளோ, அது அவள் இல்லாத வீட்டில் நடக்கும்.

“மூடினப்புறம் உங்க பொண்ணு” என்றாள். “சொன்ன சொல் மாற மாட்டேன். குஞ்சு வந்ததும் பாதி அனுப்பி வைங்க. அதுபோதும்.”

அவர் வாளியை எடுத்துக்கொண்டு, அடுத்த ஞாயிறு வருவதாகச் சொல்லி இறங்கிப் போனார்.

அந்த வாரம் முழுக்க மீன்கடைக்காரிக்குச் சந்தோஷமும் துக்கமும் ஒன்றாக வந்தன. மஞ்சள் மணிகளைச் சுற்றித் தோல் தடித்தது, உயர்ந்தது, விளிம்பு கட்டியது. தினமும் கொஞ்சம் கொஞ்சமாக முட்டைகள் உள்ளே இறங்கின. கடைசியில் முதுகு முழுவதும் தேன்கூடு போல் மூடிக்கொண்டது. ஒவ்வொரு மாற்றத்தையும் கடை வாடிக்கையாளர்களை நிறுத்திவைத்துச் சொன்னாள். சொல்லி முடித்ததும் முகம் வாடிவிடும்.

“அண்ணி, கதவைப் பூட்டிட்டு எங்கயாவது ஓடிடலாமா?” என்றாள் நாத்தனார். “சோபாவை நான் தூக்கிக்கறேன்.”

“சும்மா இரு. சொன்ன சொல்னு ஒண்ணு இருக்கு.”

ஞாயிற்றுக்கிழமை சலூன்காரர் வந்தார். அதே வாளி. செருப்பை அவராகவே கழற்றினார். தொட்டியின் முன் குனிந்து பலகையின் முதுகை நெடுநேரம் பார்த்தார்.

மீன்கடைக்காரி கையில் வலையோடு ஸ்டூல்மேல் ஏறினாள். “மெதுவாத்தான் எடுக்கணும்ணே. முதுகுல வலை உரசக் கூடாது.”

“நீ எதை எடுக்கறே?”

“பலகையைத்தான்.”

“வாரமெல்லாம் யோசிச்சேன் தங்கச்சி. பஸ்ல நாள் பூரா குலுங்கணும். அங்க என் தொட்டி முழங்கால் உசரம். பிள்ளைக்காரியை இப்படி இழுத்துட்டுப் போனா என் பொண்டாட்டியே என்னைச் சும்மா விட மாட்டா. பலகை இங்கயே இருக்கட்டும்.” வாளியின் மூடியைத் திறந்தார். “ஆனா புதுக்கடைல கண்ணாடிக்குக் கீழ தொட்டி காலியா இருக்கு. முடி வெட்டும்போது என் கண்ணு தன்னால அங்க போகுது. எப்படியும் இவளைத் தனியாத்தானே வைக்கணும்? மாப்பிள்ளையைக் குடு.”

அவள் ஸ்டூலிலிருந்து இறங்கினாளா, குதித்தாளா, தெரியாது. வலையை அப்படியே கணவன் தலையில் கவிழ்த்துவிட்டாள்.

“சில்லுவையா?” வலைக்குள்ளிருந்து மெக்கானிக் அதிர்ந்தான். “மச்சான், இப்பதான் எனக்கும் அவனுக்கும் சமாதானமாச்சு!”

“வந்து பார்த்துட்டுப் போங்க மச்சான். டூல் பெட்டி இல்லாம வாங்க, அவ்வளவுதான்” என்றார் சலூன்காரர்.

சில்லு வாளியில் ஏறி ஊர் போய்ச் சேர்ந்தது.

பிறகு வந்த வாரங்களில் பலகை நகரவே இல்லை. புழுவைக் காட்டினால் வாய் மட்டும் திறக்கும். முதுகு மேடு தட்டிக்கொண்டே போனது. சில நாட்களில் அந்தத் தோலுக்கு அடியில் ஏதோ நெளிவது போலிருக்கும். மீன்கடைக்காரி காலை, மாலை என்று பார்க்காமல் கடையிலிருந்து மாடிக்கு ஓடி ஓடி இளைத்தே போனாள்.

ஒரு நாள், நல்ல வெயில் நேரம். கடையில் கூட்டம். மாடியிலிருந்து நாத்தனார் போட்ட கூச்சல் தெருமுனை வரை போனது.

“அண்ணீ! கை! முதுகுல கை!”

வலையையும் வாடிக்கையாளரையும் விட்டுவிட்டு ஓடினாள். கண்ணாடியில் மூக்கை ஒட்டினாள். பலகையின் முதுகில் ஒரு குழியின் மூடி பிளந்திருந்தது. அதிலிருந்து, நட்சத்திரம் போல் விரிந்த நுனிகளோடு, ஒரு துளிக் கை வெளியே நீண்டு தண்ணீரைத் தடவிப் பார்த்தது. பக்கத்துக் குழியில் ஒரு முக்கோணத் தலை. அதற்கு மேலே இரண்டு புள்ளிக் கண்கள்.

சலூன்காரருக்கு வீடியோ கால் போட்டாள். திரையில் முதலில் தெரிந்தது, பாதி முகம் சோப்பு நுரையோடு நாற்காலியில் சாய்ந்திருந்த ஒரு வாடிக்கையாளர்.

“அண்ணே, வருதுண்ணே! வருது!”

“இருங்க சார், பேரப்பிள்ளை பொறக்குது!” கத்தியை மடித்து வைத்துவிட்டுப் போனைப் பிடுங்கிக்கொண்டார் சலூன்காரர். “எங்க, எங்க? கிட்டக் காட்டு!”

குழி இன்னும் கொஞ்சம் விரிந்தது. உள்ளேயிருந்து ஒரு முட்டு. இன்னொரு முட்டு. சட்டென்று, பித்தான் தெறித்தது போல, விரல் நகமளவு ஒரு தேரை வெளியே பாய்ந்தது. தாயைப் போலவே தட்டை, தாயைப் போலவே அவலட்சணம். கண்மண் தெரியாமல் காலை உதைத்துக்கொண்டு மேலே மேலே நீந்தி, அந்த ஆள் உயரத் தண்ணீரையும் கடந்து, மேல் மட்டத்தில் மூக்கை நீட்டித் தன் முதல் மூச்சை இழுத்தது.

மீன்கடைக்காரியும் அப்போதுதான் மூச்சு விட்டாள்.

“தெரிஞ்சுதாண்ணே? பார்த்தீங்களாண்ணே?”

“பார்த்தேன், பார்த்தேன்! ஐயோ, என்ன வேகம்! யார் ஜாடை?”

“ரெண்டு பக்கமும் சப்பை மூஞ்சி. இதுல ஜாடை வேற” என்றாள் நாத்தனார், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

போனில் சோப்பு நுரை முகமும் சலூன்காரரின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தது. “அடுத்தது வருது சார், அந்த ஓரத்துல பாருங்க, அந்த ஓரத்துல!” என்று அந்த முகம் கத்தியது.

மீன்கடைக்காரி திரும்பினாள். பலகையின் முதுகெங்கும் ஒவ்வொரு குழியாகத் திறந்துகொண்டிருந்தது.